வெஸ்ட் கென்னட் கல்லறையும் உறவின் எல்லையும்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் நாட்டுப்புறத்தில், ஏவ்பரி என்னும் சிற்றூருக்கு அருகே, வயல்களுக்கு மேலுள்ள குன்றின்மீது வெஸ்ட் கென்னட் கல்லறை அமைந்துள்ளது. புதிய கற்கால மக்கள் இதனைச் சுமார் கி.மு. 3650இல் எழுப்பினர். மக்பேலா குகையை ஆபிரகாம் விலைக்கு வாங்கிய காலத்துக்கு இது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியதாகும்.

மண்மேட்டின் நீளம் ஏறக்குறைய 100 மீட்டர். கீழ்ப்புறத்தில் பெருங்கற்கள் சுவர்போல் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி உள்ளே செல்வோர் காண்பது சுமார் 12 மீட்டர் நீளமுள்ள ஒரு நடையும் ஐந்து சிற்றறைகளுமே. இன்று அவை வெறுமையாயிருக்கின்றன. 1859இல் தர்னம் என்பவரும், 1955-56இல் பிகட், அட்கின்சன் ஆகியோரும் நடத்திய அகழாய்வுகளில் ஆண், பெண், குழந்தைகள் என 36 பேருக்குக் குறையாதோரின் எலும்புகள் கிடைத்தன. பல நூற்றாண்டுகளாக இங்கு அடக்கம் நடைபெற்றதென முன்பு கருதினர். ஆனால் 2007இல் வெளியான கதிரியக்கக் கரிமக் கணிப்பு, இவர்கள் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குள் வைக்கப்பட்டனர் எனக் காட்டிற்று. ஆகவே, இவர்களை அடக்கம்பண்ணியோர் இவர்கள் முகங்களை அறிந்தவர்களே.

இத்தகைய கல்லறையில் யாருக்கு இடமளிக்கப்பட்டது? கிளாஸ்டர்ஷயரிலுள்ள ஹேசில்டன் நார்த் கல்லறையைப்பற்றி 2021இல் வெளிவந்த மரபணு ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. ஆராயப்பட்ட 35 பேரில் 27 பேர் ஐந்து தலைமுறை கொண்ட ஒரே குடும்பத்தினர். ஓர் ஆணும் நான்கு பெண்களும் அதன் மூலத்தோர். அக்குடும்பத்து ஆடவருக்குப் பிள்ளை பெற்ற பெண்கள் வேறு ஆடவர்மூலம் பெற்ற குமாரரும் அங்கே வைக்கப்பட்டிருந்தனர். ஆயினும் அக்குடும்பத்தில் பிறந்து வளர்ந்த குமாரத்திகள் அங்கில்லை. சிறுவயதில் இறந்த பெண்பிள்ளைகளே உள்ளனர்.

இக்கற்களில் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைக் காண விரையும் பிரசங்கியார் எச்சரிக்கையாயிருத்தல் நலம். எழுத்தறியாத மக்களின் விசுவாச அறிக்கையை எலும்புகளிலிருந்து வாசிக்க இயலாது. ஆனால், அவர்கள் யாரைத் தம்மவரென எண்ணினர் என்பதை வாசிக்கலாம். இரத்த உறவில்லாதவனும் குமாரனாக ஏற்கப்பட்டான். சொந்த இரத்தமான குமாரத்தி வெளியே நிறுத்தப்பட்டாள். மரித்த ஆபிரகாம் தன் ஜனத்தாரோடு சேர்க்கப்பட்டதாக ஆதியாகமம் கூறுகிறது. அந்த ஜனம் யார் என்பதே கேள்வி. பவுல் புத்திரசுவிகாரத்தைப்பற்றி எழுதியபோது அதற்குக் கிறிஸ்துவில் விடையளித்தார். அவ்விடையைப் போதிக்கும் நம் நாட்டிலோ, கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இன்றும் சாதிப் பிரிவினை உண்டு. அடக்க ஆராதனையை நடத்தும் ஆயர் ஒவ்வொருவரும் அந்தப் பிரிவினைக்கு உத்தரவாதி ஆகிறார்.