தோற்பதற்கு ஒரு திட்டம்

தோற்றவனைப் பற்றிக் கதை எழுதினால் வாசகர்கள் இரங்குவார்கள். தோற்பதே நல்லது என்று கணக்குப் போட்ட ஒருவனைப் பற்றி எழுதினாலோ, "நம்பும்படியாக இல்லையே!" என்று ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் அப்படி ஒரு கதை அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்தில் உண்மையாகவே நடந்தது.

அந்த ஊரின் தொழில்முறைக் கூடைப்பந்துக் கோஷ்டிக்கு 'செவன்ட்டி சிக்ஸர்ஸ்' என்று பெயர். 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் அங்கேதான் பிறந்தது. அந்த எழுபத்தாறுதான் பெயராயிற்று. கோஷ்டியின் பூர்விகமோ சிரக்யூஸ் என்ற சிறிய நகரம். அங்கே அதன் சொந்தக்காரராக இருந்தவர் டானி பியசோன். பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பொழுதைக் கடத்தும் தந்திரத்துக்கு முடிவு கட்டியவர் அவர். 24 விநாடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி அவருடைய யோசனையால் 1954-ல் வந்தது. மறு ஆண்டே அவருடைய கோஷ்டி வாகை சூடியது. 1963-ல் அது பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது.

1966-67-ல் வில்ட் சேம்பர்லின் என்ற மாமல்லரின் துணையோடு 68 பந்தயங்களில் வென்று, 13-ல் மட்டுமே தோற்றது. எட்டு ஆண்டு தொடர்ந்து பட்டத்தைக் கைவிடாத பாஸ்டன் கோஷ்டியின் ஆட்சியும் அத்துடன் முடிந்தது. 1968-ல் சேம்பர்லின் போனார். வாழ்வும் தாழ்வும் அடுத்தடுத்து வரும் அல்லவா? 1972-73-ல் 82 பந்தயங்களில் ஒன்பதுதான் வெற்றி! அது யாரும் விரும்பி வரவழைத்த தோல்வி அல்ல. பிறகு 1976-ல் ஜூலியஸ் எர்விங்கையும், 1982-ல் மோசஸ் மலோனையும் சேர்த்துக்கொண்டு, 1983-ல் மறுபடியும் பட்டம் வென்றார்கள்.

பின்னர் நெடுங்காலம் பட்டமே இல்லை. 2013-ல் நிர்வாகத்தை ஏற்ற சாம் ஹிங்கி ஒரு விசித்திரமான கணக்குப் போட்டார். ஆண்டுதோறும் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கீழே கிடக்கும் கோஷ்டிகளுக்கே குலுக்கலில் சலுகை. மேலே இருப்பவர்களுக்குப் பட்டம். கீழே இருப்பவர்களுக்கு நாளைய நட்சத்திரம். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டும் இல்லை. நம் போன்ற நடுத்தரக் குடும்பத்தாருக்கு இந்தச் சங்கடத்தை விளக்கவா வேண்டும்?

ஆகவே ஹிங்கி கீழே போகத் துணிந்தார். நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஜூரூ ஹாலிடேயைக் கைமாற்றினார். 2014-ல் கால் எலும்பு முறிந்திருந்த ஜோயல் எம்பீட் என்ற காமரூன் இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். எம்பீட் இரண்டு ஆண்டு ஒரு பந்தயம்கூட ஆடவில்லை. மூன்று ஆண்டுகளில் வெற்றி 47, தோல்வி 199. இடையே ஒரு சமயம் தொடர்ந்து 28 தோல்விகள்!

ஆட்டக்காரர்கள் வேண்டுமென்று தோற்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். களத்தில் அவர்கள் வியர்வை சிந்தத்தான் சிந்தினார்கள். வெல்ல முடியாதபடி கோஷ்டியை அமைத்தது காரியாலயம். ஓர் ஆட்டக்காரனுக்கு வாய்க்கும் ஆண்டுகளே சில. அவற்றை யாரோ அறுக்கப்போகும் பயிருக்கு எருவாக்க இன்னொருவருக்கு உரிமை உண்டா? "முறையை நம்புங்கள்" என்று கோஷமிட்டு நம்பிக் காத்திருந்த ரசிகர்களும் இருந்தார்கள். பிள்ளையின் படிப்புக்காக வயிற்றைக் கட்டும் தகப்பனைப் போலத்தான் அவர்களும். ஆனால் தகப்பன் கட்டுவது தன் வயிற்றை. பிறர் வயிற்றை அல்ல.

2016 ஏப்ரலில் ஹிங்கி 13 பக்கக் கடிதம் எழுதிவைத்துவிட்டு விலகினார். சங்கமும் விழித்துக்கொண்டது. கடைசி இடத்துக் கோஷ்டிக்கு முதல் தேர்வு கிடைக்க நூற்றுக்கு 25 என்றிருந்த வாய்ப்பு, 2019 முதல் 14 ஆயிற்று. அதுவும் கடைசி மூன்று கோஷ்டிகளுக்கும் சமமாக.

கணக்கு முழுவதும் பொய்க்கவில்லை. 2017-18-ல் 52 வெற்றிகள் வந்தன. எம்பீட் 2023-ல் அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்றார். ஆனால் பட்டம்? 2019 மே 12-ந் தேதி, டொரொன்டோவில், இரு பக்கமும் 90 புள்ளி. கடைசி நொடியில் எதிர்க்கோஷ்டியின் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தின் மேல் நான்கு முறை துள்ளி, யோசித்து யோசித்து உள்ளே விழுந்தது. எந்தக் கணக்கன் அந்த நான்கு துள்ளலைக் கணக்கிட்டிருக்க முடியும்? 1983-க்குப் பிறகு 2025 வரை பிலடெல்பியாவுக்குப் பட்டம் கிட்டவில்லை.

இன்னொருவரையும் சொல்லி முடிக்கிறேன். டி. ஜே. மெக்கானெல் என்ற குள்ளமான வாலிபரை 2015-ல் எந்தக் கோஷ்டியும் தேர்ந்தெடுக்கவில்லை. பத்தே பந்தயங்களில் வென்ற அந்தப் பருவத்தில், காலியாகக் கிடந்த இடத்தில் பிலடெல்பியா அவரைச் சேர்த்துக்கொண்டது. தோற்கும் பந்தயங்களிலும் அவர் பந்துக்காகத் தரையில் விழுந்து புரண்டார். பத்து ஆண்டு கழித்து, 2025-ல், இந்தியானா கோஷ்டிக்காகப் பட்டத்துக்கான இறுதிப் போட்டியிலேயே ஆடினார். எந்த நட்சத்திரத்துக்காக அத்தனை தோல்விகளோ, அந்த எம்பீட் அதுவரை இறுதிப் போட்டியை எட்டியதில்லை. திட்டத்தில் இடம் பெறாதவர் எட்டிவிட்டார்.