கண்காட்சித் தொடுதிரை

விரலால் தொட்டு இயக்கும் கணினித் திரை தொடுதிரை. 1982இல் அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே பார்வையாளர்கள் இதைத் தொட்டுப் பார்த்தனர். கோவை அவிநாசி சாலை கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் தொழில் கண்காட்சி, அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சி போன்றவற்றுக்கு இது மிகப் பொருத்தமான கருவி. அங்கே ஓடும் பம்பைப் பிரித்துக் காட்ட முடியாது. திரையில் விரல் வைத்தால் உள்ளே இம்பெல்லர் என்னும் விசிறிச் சக்கரம் சுழல்வதையும் தண்ணீர் மேலேறுவதையும் காட்டிவிடலாம்.

பெரிய திரைகள் பலவற்றில், சட்டத்தின் விளிம்பிலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. விரல் கதிரை மறைக்கும் புள்ளியே தொட்ட இடம். ஆகவே கையுறை போட்ட கைக்கும் அது இயங்கும். கைபேசித் திரையோ விரலின் மின்தன்மையை உணர்வது; தடித்த கையுறையை அறியாது.

விவசாயிகள் திரளும் அரங்கில் பொத்தான்களும் விளக்கங்களும் தமிழில் இருந்தே ஆக வேண்டும்.