பழைய ஸ்டார் வார்ஸ் பொம்மை வாங்கப் போறீங்களா? முதல்ல அங்கியைப் பாருங்க!

பழைய ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பொம்மை அல்ல, அதோடு வந்த குட்டிப் பொருள்கள்தான்.

1977-ல் படம் வெளியானது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கென்னர் நிறுவனம், மூன்றே முக்கால் அங்குல அளவை அடிப்படையாக வைத்து முதல் 12 பொம்மைகளைக் கொண்டுவந்தது.

ஜாவா: கூட்டத்திலேயே குட்டி. முதலில் வினைல் அங்கி போட்டார்கள். அதே விலைக்கு இது ரொம்ப மலிவாகத் தெரிந்ததால், சீக்கிரமே துணி அங்கிக்கு மாறினார்கள். அதனால் வினைல் அங்கி இன்று அரிது. போலிகளும் உண்டு, உஷார்!

லூக்: லைட்சேபர் கைக்குள்ளிருந்தே நீளும். ஆரம்பகாலப் பொம்மைகளில் அதற்குள்ளிருந்து இன்னொரு மெல்லிய நுனியும் நீளும். இந்த `டபுள் டெலஸ்கோப்பிங்' வகைக்குத்தான் மவுசு. நுனி உடைந்திருக்கிறதா எனப் பாருங்கள்.

வாங்கும் முன் அங்கி, ஆயுதம் இரண்டுக்கும் குளோஸ்-அப் போட்டோ கேளுங்கள். `ஒரிஜினல்தான்' என்ற வாய்வார்த்தையை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். அங்கியில் சந்தேகம் வந்தால், பேரம் பேசாமல் விட்டுவிடுவதே லாபம்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடா? துப்பாக்கியையும் லைட்சேபரையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். எளிதில் விழுங்கிவிடும் அளவுதான் அவை!