10,000 தடவைகள்: கராஜ் கதவு திருத்துவோரின் கதை

‘கராஜ்’ என்ற சொல் இலங்கைத் தமிழரிடையே ஒரு பொருளிலும் வட அமெரிக்காவில் குடியேறிய நம்மவரிடையே வேறொரு பொருளிலும் வழங்குகின்றது. “கார் கராஜிலை நிக்குது” என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால், காருக்கு என்ன பழுது என்று கேட்போம். அதே வசனத்தை ரொறன்ரோவில் ஒருவர் சொன்னால், கார் வீட்டில் பத்திரமாக நிற்கின்றது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லின் வேர், ஒன்றைப் பாதுகாப்பாக ஒதுக்கி நிறுத்துவதையே குறிக்கின்றது. ஆகவே சொல்லின் மூலத்துக்கு நெருக்கமாக நிற்பவர்கள் ரொறன்ரோக்காரர்களே.

அந்த இரண்டாவது கராஜின் கதவைப் பற்றியும், அது பழுதடைவதால் சோறு உண்ணும் மனிதர்களைப் பற்றியும் எழுத எண்ணினேன். போர்களையும் தேர்தல்களையும் எழுதிப் பழகிய கைக்கு இது அற்பமான பொருளாகப் படலாம். ஆனால் ஒரு தொழில் எவ்வாறு பிறக்கின்றது, அதன் வருமானம் யார் கைக்கு எப்போது இடம் மாறுகின்றது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணங்கள் அதிகமில்லை.

மோட்டார் வாகனம் அமெரிக்காவில் முதலில் செல்வந்தரின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. குதிரை வண்டி நின்ற கொட்டிலிலேயே அதுவும் நின்றது. 1908 இல் ஹென்றி போர்ட் தமது ‘மொடல் டி’ காரை 850 டொலருக்கு விற்பனைக்கு விட்டார். 1920களின் நடுப்பகுதியில் அதன் மலிவான வகை 300 டொலருக்கும் குறைந்த விலைக்கு வந்துவிட்டது. 1927 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது 15 மில்லியன் கார்கள் வெளிவந்திருந்தன. தொழிலாளியும் விவசாயியும் கார் வாங்கினர். கார் நிற்க வீட்டோடு ஓர் இடம் வேண்டியிருந்தது. அவ்விடத்துக்கு அமைந்தவை வண்டிக் கொட்டிலின் இரட்டைக் கதவுகளே. பாரமான பலகைக் கதவுகள், பிணைச்சல்களில் தொங்கி வெளிப்புறம் திறந்தன. மாரியில் கதவின் முன் இரண்டடி பனி குவிந்துவிட்டால், அதைச் சவளால் அள்ளி எறிந்த பின்னரே கதவைத் திறக்கலாம். பிணைச்சல் இளகிக் கதவு நிலத்தில் அரைபடும். இக்குறைகளைத் திருத்த ஊர்த் தச்சரும் கொல்லருமே போதுமாயிருந்தனர். தனித்தொழில் என்று ஒன்று அங்கு உருவாகவில்லை.

1921 இல் சி. ஜி. ஜோன்சன் என்பவர் மேல்நோக்கி எழும் கதவை உருவாக்கினார். கதவைக் கிடையாகப் பல துண்டங்களாக வெட்டி, துண்டங்களைப் பிணைச்சல்களால் இணைத்து, பக்கங்களில் சிறு சில்லுகளைப் பூட்டி, வளைந்த இரும்புப் பாதையில் ஓடவிட்டார். திறக்கும்போது கதவு கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும். பனி குவிந்தாலும் கவலையில்லை. கதவின் சிறிய மாதிரியொன்றைக் காரின் பின்னால் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விநியோகஸ்தர்களைச் சேர்த்தார் என்று அவர் நிறுவிய ‘ஓவர்ஹெட் டோர்’ நிறுவனத்தின் வரலாறு கூறுகின்றது. 1926 இல் அதனை மின்சாரத்தால் திறக்கும் கருவியையும் அவரே கொண்டுவந்தார்.

கதவைவிட அந்த விநியோகஸ்தர்களே நமது கதைக்கு முக்கியமானவர்கள். இக்கதவைப் பெட்டியில் வாங்கிச் சென்று வீட்டுக்காரர் தாமே பூட்டிவிட முடியாது. ஊருக்கு ஒருவர் தேவைப்பட்டார். பூட்டியவரே பின்னர் திருத்துபவருமானார். தச்சரின் கையிலிருந்த வேலை, கதவுக்காரர் என்ற புதிய மனிதரின் கைக்கு மாறியது இவ்வாறுதான்.

ஏன் அவரில்லாமல் முடியாது? இருகார் கராஜின் கதவு 16 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்டது. நிறை 70 கிலோவிலிருந்து 100 கிலோவையும் தாண்டும். அதை ஒரு சிறுமி ஒற்றைக் கையால் உயர்த்துகிறாள் என்றால், அந்தப் பாரத்தை வேறெதுவோ சுமக்கின்றது. கதவின் மேலே குறுக்காக ஓடும் இரும்புத் தண்டில் முறுக்கி வைக்கப்பட்ட ஸ்பிரிங்குகளே அந்தச் சுமைதாங்கிகள். தண்டின் இரு முனைகளிலும் உள்ள உருளைகளில் கம்பி வடம் சுற்றப்பட்டிருக்கும். கதவு இறங்கும்போது ஸ்பிரிங் இறுகும். ஏறும்போது தன் இறுக்கத்தைக் கதவுக்குக் கொடுத்துவிட்டுத் தளரும்.

ஸ்காபரோவில் இத்தொழிலைச் செய்யும் வடமராட்சியைச் சேர்ந்த அன்பர் ஒருவருடன் இரண்டு நாட்கள் அவருடைய வானில் திரியும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 1983 இன் பின் புறப்பட்டவர்களில் ஒருவர். உணவகத்தில் கோப்பை கழுவி, தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, பின்னர் ஓர் இத்தாலியரிடம் உதவியாளராகச் சேர்ந்து இதைக் கற்றவர். “அண்ணை, மோட்டார்தான் கதவைத் தூக்குது எண்டு சனம் நினைக்குது. மோட்டார் சும்மா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது மட்டும்தான். தூக்கிறது ஸ்பிரிங்” என்றார்.

அந்த ஸ்பிரிங்கின் ஆயுள் தொழிற்சாலையிலேயே கணக்கிடப்பட்டுவிடுகின்றது. சாதாரணமாகப் பூட்டப்படுவது 10,000 தடவைகள் தாங்கும். ஒருமுறை திறந்து மூடுவது ஒரு தடவை. நாளொன்றுக்கு நான்கு தடவைகள் என்றால் ஆண்டுக்கு 1,460. ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் கணக்கு முடிந்துவிடும். கணவனும் மனைவியும் வேறு வேறு நேரங்களில் வேலைக்குப் போய், பிள்ளைகளும் முன்கதவை விட்டுக் கராஜ் வழியாகவே வந்து போகும் நம்மவர் வீடுகளில் ஐந்து ஆண்டுகள் கூடப் போதாது. தடித்த கம்பியில் நீளமாகச் சுற்றிய ஸ்பிரிங் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு உழைக்கும். விலை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆனாலும் வீடு கட்டி விற்பவர் மலிவானதையே பூட்டுகிறார். வீடு விற்ற ஏழாம் ஆண்டில் கதவு திறக்காவிட்டால் அவருக்கென்ன?

இந்த எண்தான் இத்தொழிலின் வயல். இரண்டாம் உலகப் போரின் பின், 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் படைவீரர்களுக்குக் கிடைத்த வீட்டுக்கடனும் 1956 இன் நெடுஞ்சாலைச் சட்டமும் அமெரிக்கரை நகரத்திலிருந்து புறநகருக்குக் கொண்டுசென்றன. புறநகர் வீட்டின் முகமே கராஜ் கதவாயிற்று. 1950களில் வானொலி அலையால் இயங்கும் ரிமோட் பரவலான விற்பனைக்கு வந்தது. ஆரம்பகால ரிமோட்டுகளில் பக்கத்து வீட்டுக் கதவும் சேர்ந்து திறந்த வேடிக்கைகள் உண்டு. ஆனால் ரிமோட் செய்த பெரிய மாற்றம் வேறு. காரைவிட்டு இறங்கிக் குனிந்து தூக்க வேண்டியிருந்தவரை ஒரு நாளில் எத்தனை தடவை திறப்பது என்பதில் மனிதனுக்கு ஓர் அளவு இருந்தது. விரலசைவில் திறந்ததும் அந்த அளவு போயிற்று. 10,000 விரைவாகவே எட்டியது.

ஸ்பிரிங் பெரும்பாலும் கடுங்குளிரில்தான் முறியும். உருக்கு குளிரில் நொய்தாகிவிடுகின்றது. வெடிச்சத்தம் போன்ற ஓசை கேட்கும். நம்மவர்கள் சிலருக்கு அந்த ஓசை எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலை ஆறு மணி, வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை, கார் உள்ளே, வேலைக்கு நேரமாகிறது. அப்போது தொலைபேசியை எடுக்கும் மனிதர் விலை பேசும் நிலையில் இருப்பதில்லை.

அவர் தாமே அதைப் பூட்டவும் முடியாது. ஸ்பிரிங்கின் முனையிலுள்ள கூம்பில் துளைகள் உண்டு. இரண்டு இரும்புச் சட்டங்களை மாறி மாறிச் செருகி, காற்சுற்றுக் காற்சுற்றாக முறுக்க வேண்டும். 7 அடிக் கதவுக்கு ஏழரைச் சுற்று, அதாவது முப்பது தடவை. இருபத்தைந்தாவது தடவையில் சட்டம் வழுக்கினால் கை எலும்பும் முகமும் உடையும். சட்டத்துக்குப் பதிலாகத் திருப்புளியைச் செருகிக் கையை இழந்தவர்களின் கதைகள் இத்தொழிலில் நிறைய உண்டு. நமது அன்பரின் இடது கைச் சுட்டுவிரல் முழுமையாக மடங்குவதில்லை. “படிச்சதுக்குக் கட்டின காசு” என்று சிரித்தார்.

முறுக்குவது பலம், அளப்பது அறிவு. எந்தக் கதவுக்கு எந்த ஸ்பிரிங் என்று அறியாமல் பூட்டினால் கதவு பாறையாகக் கனக்கும், அல்லது தானாக எழும்பிவிடும். 20 சுற்றுகளைச் சேர்த்து அளக்கிறார்கள். 5 அங்குலம் வந்தால் கம்பியின் தடிப்பு கால் அங்குலம். அதனுடன் உள்விட்டமும் நீளமும். இவற்றின் சேர்க்கைகள் பல என்பதால் வானுக்குள் ஒரு சிறு இரும்புக் கடையே கிடக்கின்றது. வாங்கி வைத்த ஸ்பிரிங்கில் முடங்கிய காசு இத்தொழிலின் கண்ணுக்குத் தெரியாத முதல். இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று முறிந்தால் மற்றதையும் மாற்றச் சொல்வது நியாயமே, இரண்டும் ஒரே வயது. ஆனால் வாடிக்கையாளர் அதையும் ஏமாற்று என்றே எண்ணுகிறார். அவர் சந்தேகிப்பதற்கும் காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இதனிடையே ஒரு துயர அத்தியாயம் வந்தது. மோட்டாரால் இறங்கும் கதவின் கீழ் அகப்பட்டுச் சிறுவர்கள் இறந்தனர். 1982 இலிருந்து ஏறத்தாழ 60 சிறுவர்கள் இவ்வாறு மாண்டதாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு அறிவித்தது. இறங்கும் கதவின் கீழால் ஓடிப்போவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. 1990 இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 1993 ஜனவரி 1 இன் பின் தயாராகும் ஒவ்வொரு கருவியிலும், குறுக்கே எதுவும் வந்தால் கதவைத் திருப்பி ஏற்றும் மேலதிகப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று அது விதித்தது. நிலத்திலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இருபுறமும் பூட்டப்படும் மின்கண்கள் அவ்வாறு வந்தவையே.

சட்டம் பிள்ளைகளைக் காத்ததோடு திருத்துநருக்குப் புதிய வேலையையும் கொடுத்தது. சிலந்தி வலை படிந்தாலோ, மாலை வெயில் நேராக விழுந்தாலோ, யாரோ காலால் தட்டிக் கண் திரும்பினாலோ கதவு மூட மறுக்கும். வந்தவர் விரலால் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு எவ்வளவு கேட்பது? “துடைச்சதுக்குக் காசு வேண்ட மனம் வராது அண்ணை. ஆனா வந்த பெற்றோலுக்கு வேண்டத்தானே வேணும்.” இத்தொழிலின் முழுத் தர்மசங்கடமும் அந்த ஒரு பதிலில் இருந்தது.

தொழிலைத் தம் கைக்குள் அடக்க உற்பத்தியாளர் முயன்ற சம்பவமும் உண்டு. ஒவ்வொரு அழுத்தலுக்கும் இரகசிய எண் மாறும் ரிமோட்டுகள் 1990களில் வந்தன. அவற்றைச் செய்த ‘சேம்பர்லின்’ நிறுவனம், தனது கதவுகளைத் திறக்கக்கூடிய பொது ரிமோட்டை விற்ற ‘ஸ்கைலிங்க்’ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. திரைப்படங்களும் இசையும் களவாக நகலெடுக்கப்படுவதைத் தடுப்பதற்கென 1998 இல் இயற்றப்பட்ட சட்டத்தைக் கதவு ரிமோட்டுக்குப் பயன்படுத்தப் பார்த்தார்கள். 2004 ஆகஸ்ட் மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கதவை வாங்கியவருக்கு அதைத் திறக்கும் உரிமையும் உண்டு என்ற சாதாரண அறிவு வென்றது. தீர்ப்பு மறுபுறம் சாய்ந்திருந்தால், சிறு கடைக்காரரும் வான்காரரும் ஒரு ரிமோட்டைக் கூடச் சொந்தமாக விற்க முடியாது போயிருக்கும்.

நீதிமன்றத்தில் தப்பிய சிறு தொழிலாளி இணையத்தில் அகப்பட்டுக்கொண்டார். முன்னர் தொலைபேசிக் கையேட்டின் மஞ்சள் பக்கங்களில் முதலாவதாக வருவதற்காக நிறுவனங்களுக்கு ‘ஏஏஏ’ என்று பெயர் சூட்டினார்கள். அது அசட்டுத்தனம், ஆனால் பெயருக்குப் பின்னால் ஒரு முகவரியும் ஒரு மனிதரும் இருந்தனர். கூகிள் வரைபடம் வந்த பின், இல்லாத கடைகள் இருப்பதுபோல் பதியப்பட்டன. ஒரு நகரத்தில் பத்துப் பெயர்கள், பத்து இலக்கங்கள், எடுப்பது ஒரே இடத்தில் இருக்கும் ஒரே குரல். அக்குரல் அனுப்பும் ஆள் எழுதும் பற்றுச்சீட்டில் நூற்றுக்கு இத்தனை என்று பங்கு பெறுபவர். பற்றுச்சீட்டு பெருத்தால்தான் அவருக்குச் சோறு. நன்றாக ஓடும் சில்லுகளையும் உருளைகளையும் அவர் மாற்றச் சொல்வது அதனால்தான்.

2019 ஜூன் மாதத்தில் ‘வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்’ இந்தப் போலிப் பதிவுகளை ஆராய்ந்து எழுதியபோது, எடுத்துக்காட்டிய முதற் சம்பவமே வேர்ஜீனியா மாநிலத்துப் பெண்ணொருவரின் கராஜ் கதவுதான். அவருக்குத் தெரிந்த நிறுவனத்தின் பெயரில் வந்தவர் வேறொருவர். வழமையான கூலியின் ஏறத்தாழ இருமடங்கைக் கேட்டிருக்கிறார். வரைபடத்தில் எந்நாளும் சுமார் 1 கோடி 10 இலட்சம் போலி வணிகங்கள் இருப்பதாக அப்பத்திரிகை மதிப்பிட்டது. நல்ல செய்தியாளர்கள் சிறு விடயத்தைப் பிடித்துப் பெரியதை இழுத்து வருவார்கள். அது அத்தகைய கட்டுரை.

நமது அன்பரும் இந்தக் குரல்களுக்குக் கீழே மூன்று ஆண்டுகள் ஓடியவர்தான். “வயசு போன ஒரு வெள்ளைக்காரி. நல்ல உருளையை மாத்தச் சொல்லி போனிலை நிண்டு நெருக்கினாங்கள். நான் மாத்தேல்லை. அடுத்த நாள் வேலையும் இல்லை” என்றார். அதன் பின் கடன்பட்டுச் சொந்த வான் வாங்கினார். முதல் இரண்டு மாரிகள் கடினமாயிருந்தன. தமிழ்க் கடைகளில் அடுக்கி வைக்கப்படும் வர்த்தகக் கையேடுகளில் சிறு விளம்பரம், கோயில் மலரில் கால் பக்கம், வாய்வழிச் சிபாரிசு. நீண்ட நாள் உழைக்கும் ஸ்பிரிங்கைப் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்வீர்களா என்று கேட்டேன். சொன்னால் அடுத்த அழைப்பு பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதானே.

“சொல்லுவன். பத்தில ரெண்டு பேர் வேண்டுவினம். மற்றவை மலிவைத்தான் கேப்பினம். அதிலை என்ரை பிழை ஒண்டுமில்லைத்தானே?”

வேலை முடிந்ததும் கறுப்பு மையால் கதவின் உட்புறத்தில் திகதியை எழுதினார். சுவரிலுள்ள அழுத்தியின் பக்கத்தில் தமது தொலைபேசி இலக்கம் அச்சிட்ட சிறிய ஒட்டியை ஒட்டினார். ஒட்டுமுன் அங்கிருந்த பழைய ஒட்டியொன்றை நகத்தால் சுரண்டி எடுத்தார். யாருடையது என்று கேட்டேன். அந்த இத்தாலியருடையது, காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றார். அதைச் சுருட்டி எறியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த விலாசத்தைப் பார்த்தார்.