அரண்மனை இல்லாத அரண்மனைக்காரத் தெரு

சென்னை ஜார்ஜ் டவுன் என்றாலே நமக்கு நெரிசல்தான் ஞாபகம் வரும். விஷயம் தெரிந்த வழிகாட்டியோடு நடந்து பாருங்கள், ஊரே வேறாகத் தெரியும்.

பாரிமுனைக்குப் பக்கத்தில் அரண்மனைக்காரத் தெரு. எந்த ராஜாவும் அங்கே அரண்மனை கட்டவில்லை. ஆர்மீனியன் தெருதான் நம் ஜனங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது!

வணிகம் செய்ய வந்த ஆர்மீனியர்கள் 1772-ல் கட்டிய மாதா கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-ல் பிறந்தது நம்ம சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை இந்தக் கோயில் வளாகத்தில் இருக்கிறது. உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே தம் செலவில் பாலம் கட்டினார். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் உபயமே.

அந்தப் பாலம் போய்ப் புதுப்பாலம் வந்துவிட்டது. கட்டியவரின் சமூகமும் இங்கே ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்கள் வாழ்ந்ததற்குக் கோயிலும் தெருப்பெயரும்தான் சாட்சி. வாய்மொழிப் பெயரில் ஆர்மீனியர் மறைந்து அரண்மனை வந்துவிட்டதால், சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தச் சாட்சியும் பேசாது.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை பாரிமுனையில் பஸ் மாறும்போது அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பார்த்ததை வீட்டில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.