லிப்போடிஸ்ட்ரோபி

கிரேக்க பாஷையில் 'லிப்போஸ்' என்றால் கொழுப்பு. 'ட்ரோபே' என்பது போஷணை. நடுவே நிற்கும் 'டிஸ்' கேட்டைக் குறிப்பது. இந்த 'டிஸ்' நம் துர்ப்பாக்கியத்தில் உள்ள 'துர்' என்பதன் உடன்பிறப்பு என்பதும், 'லிப்போஸ்' சந்தன லேபனத்தில் உள்ள 'லிப்' என்னும் தாதுவுக்கு உறவு என்பதும் மொழிநூலார் கண்ட செய்தி. பூசினால் ஒட்டிக்கொள்ளும் பசையே இரண்டுக்கும் ஆதாரம்.

சொல் பழையது, ஆனால் 1996 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் புதிய கூட்டு மருந்துகள் கிடைத்து, மரணத்தின் வாயிலிலிருந்து அவர்கள் மீளத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, கன்னங்கள் குழிந்து, கை கால்களில் நரம்புகள் கயிறுபோல் புடைத்து, அதே தேகத்தில் வயிறு மட்டும் பருத்து, பிடரியில் காளையின் திமில் போலக் கொழுப்புத் திரண்ட விசித்திரக் கோலத்துக்கு வைத்தியர்கள் இப்பெயரையே சூட்டினர். இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுவதும் உண்டு. இண்டினாவிர் உண்டோர் தம் தொந்தியை, அம்மாத்திரையின் வியாபாரப் பெயரான கிரிக்ஸிவானைச் சுருக்கி, 'கிரிக்ஸ் வயிறு' என்றார்கள். கிரேக்கத்தைவிட எனக்கு இதுவே பிடிக்கிறது.

கன்னம் வற்றுவதற்குப் பெருங்காரணம் அக்கூட்டு மருந்துகளுள் ஒன்றான ஸ்டாவுடின். கொழுப்பணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவை அது கெடுத்தது. மறைத்து வைத்த வியாதியை முகமே ஊருக்குச் சொல்லிவிடும் என்று அஞ்சி மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. 2009-இல் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலக சுகாதார ஸ்தாபனம் கூறிற்று.

'கொழுப்புச் சிதைவு' என்று பெயர்த்தால் வற்றியதைச் சொல்லும், திரண்டதைச் சொல்லாது. நிணம் என்னும் பழஞ்சொல்லைக் கொண்டு 'நிணப் பிறழ்வு' என்றால் ஒருவாறு பொருந்தும்.