அளவு ஷீட்டில் இல்லாத உடம்பு

பனியன் கம்பெனியில் ஒரு பீஸ் தேறுமா தேறாதா என்பதை அளவு டேப்தான் முடிவு செய்யும். நெஞ்சளவு, உயரம், கை நீளம் என்று ஒவ்வொன்றையும் ஸ்பெக் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விட்டுவிடுவோம். அந்த விட்டுக்கொடுப்புக்கு டாலரன்ஸ் என்று பெயர். பதினெட்டு வயதில் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். இப்போது நாற்பத்து மூன்று வயதில், அதே திருப்பூரில், சாம்பிள் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். துணிக்குக் கிடைக்கிற டாலரன்ஸ் என் உடம்புக்குக் கிடைத்ததில்லை.

இரண்டு வருடம் விடாமல் நடந்தேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஐம்பது நிமிடம். ராத்திரி சோறு கிடையாது. ராகிக்களி அல்லது சாமை உப்புமா. டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், கம்பெனி வாசல் போண்டாவை மறந்தேன். தொடங்கியபோது 74 கிலோ. இரண்டு வருடம் கழித்து 73. டாக்டர் சுவரிலிருந்த அட்டவணையைக் காட்டி, “வாயைக் கட்டுங்கம்மா” என்றார். நான் எதைத் தின்கிறேன் என்று கேட்கவில்லை. நானும் அவர் சொன்னதை நம்பி மதியச் சாப்பாட்டையும் பாதியாக்கினேன். தலை சுற்றியதே தவிர முள் இறங்கவில்லை.

ஸ்பெக் ஷீட் வந்தால் எந்த பையர் அனுப்பியது என்று பார்ப்பது என் தொழில். இந்த அட்டவணையை யார் அனுப்பியது என்று அப்போதுதான் தேட ஆரம்பித்தேன்.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கின் வேர் 1830-களில் இருக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே ஒரு வானியலாளர், புள்ளியியலாளர். ‘சராசரி மனிதன்’ யார் என்பதுதான் அவருடைய தேடல். நோயைக் கண்டுபிடிப்பது அல்ல. 1972-இல் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ் அதே கணக்குக்கு ‘உடல் நிறைக் குறியீடு’ என்று பெயர் வைத்தார். அந்த ஆய்வில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள்.

இதே கீஸ் 1944-45-இல் மினசோட்டாவில் வேறொரு சோதனை நடத்தியிருந்தார். 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு. உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தி ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. பசியையும் உணவையும் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனார்கள். வாயைக் கட்டினால் உடம்பு எதிர்த்து நிற்கும் என்று காட்டியவரும், சுவரில் தொங்கும் எண்ணுக்குப் பெயர் வைத்தவரும் ஒரே ஆள். நமக்கு வந்து சேர்ந்தது எண் மட்டும்.

நாங்கள் தைக்கும் எஸ், எம், எல் சைஸுக்கும் இப்படியொரு கதை உண்டு. 1939-40-இல் அமெரிக்க விவசாயத் துறை கிட்டத்தட்ட 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருத்திக்கும் 59 அளவுகள். வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த நாட்டின் ரெடிமேட் சைஸ்களுக்கு அதுதான் அடித்தளமானது. எங்கள் கையால் தைத்த சட்டை எங்களுக்கே பொருந்தாமல் போவதில் ஆச்சரியம் என்ன?

எங்கள் உடம்பைப் பற்றிய கதையை நான் புனே ஆய்வில் கண்டேன். டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 1993 முதல் புனேவை அடுத்த ஆறு கிராமங்களில் தாய்மார்களைப் பின்தொடர்ந்தார்கள். அங்கே பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குச் சதை குறைவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய்க்குக் கிடைக்காத சோறு குழந்தையின் உடம்பில் இப்படிப் பதிகிறது. ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. ஆகவே எடையால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆபத்துக்கு என் நாக்கை மட்டும் குற்றவாளியாக்காதீர்கள் என்கிறேன்.

இனி எங்கள் ஊர்க் கதை. திருப்பூரிலிருந்து நேரடி ஏற்றுமதி 1970-களின் இறுதியில் தொடங்கியது. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளாகவும் காண்ட்ராக்டாகவும் சிதறியது. பெண்கள் பெருமளவில் உள்ளே வந்தார்கள். என் அம்மா கைமடியாகச் சேர்ந்தது அந்த அலையில்தான். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு நுழைந்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவது. வீட்டுக்கு வந்து சோறாக்கி, பாத்திரம் கழுவி, பதினொன்றுக்குப் படுத்து, ஐந்துக்கு எழுவாள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும் என்று இன்று மருத்துவம் சொல்கிறது. அம்மா பட்டினிக்கு டீயும் பன்னும் வைத்தாள்.

நான் களியை அளந்து தட்டில் போடுவதைப் பார்த்து அம்மா சிரித்தாள். “நாங்க எளைக்கோணும்னு ஒரு நாளும் நெனச்சதில்ல கண்ணு. ராத்திரிக்கு அடுப்பு எரியோணும்னுதான் நெனச்சோம்.” அவள் வயிற்றில் நான் இருந்தபோது என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். “இருந்ததை” என்றாள்.

பிறகு வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைவு. மாத்திரை தொடங்கிய பிறகு மூன்று கிலோ இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் எல்லை தாண்டியிருந்த சர்க்கரை இறங்கியிருக்கிறது. ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது. எடை நகராவிட்டாலும் நடை வீண் இல்லை என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருடம் என்னை நானே திட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

எங்கள் லைனில் என்னைப் போல இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். கம்பெனி மருத்துவ முகாமில் எடை பார்த்து அறிவுரை சொன்னால் போதாது, தைராய்டும் சர்க்கரையும் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். டைலர்களுக்கு முதுகு சாய்கிற நாற்காலியும் கேட்டிருக்கிறோம். ஒன்றரை ஷிப்டை நிறுத்தச் சொல்லும் வரியை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினோம். அந்த வரியோடுதான் மனு போயிருக்கிறது.